மென்குரல் காலம் – 17: ஜெமினியின் வாத்தியக் குழுவும் ஒரு பீங்கான் கீற்றும்

1939-இல் ஹாரி ஜேம்ஸின் பெரிய வாத்தியக் குழுவோடு இருபத்து மூன்று வயது ஃபிராங்க் சினாட்ரா பாடிய இசைத்தட்டு விற்காமல் கிடந்ததையும், அதே தட்டு 1943-இல் மறுபடி வெளிவந்து பிய்த்துக்கொண்டு போனதையும் சென்ற வாரம் பார்த்தோம். கத்தாமல் பாடும் மென்குரல்காரர் அவர். அதே வகைக் குரலைத் தேடி மெட்ராஸுக்கு வருவோம்.

1951. பச்சையப்பன் கல்லூரியில் பி.ஏ. முடித்த இளைஞர் ஏமல மன்மதராஜு ராஜா. நமக்கு ஏ.எம்.ராஜா. தானே மெட்டுப் போட்ட இரண்டு தெலுங்குப் பாடல்களை எச்.எம்.வி.க்காகப் பாடியிருந்தார். வாத்திய இசையைக் கவனித்துக்கொண்டவர் கே.வி.மகாதேவன். அந்தப் பாடல்கள் வானொலியில் ஒலித்தபோது ஜெமினி அதிபர் எஸ்.எஸ்.வாசனின் காதில் விழுந்தன. அப்படித்தான் 'சம்சாரம்' படத்துக்குப் பாடும் வாய்ப்பு ராஜாவுக்கு வந்தது.

ஜெமினி மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்திய ஸ்டூடியோ. வாத்தியக்காரர்களும் அங்கே சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். 1948-இல் 'சந்திரலேகா'வின் முரசு நடனத்துக்கு வாசித்துப் பழகிய இடம் அது. (பின்னாளில் ராஜாவின் குரலுக்குத் திரையில் முகமாக அமைந்த கணேசனும் அதே ஸ்டூடியோவில், நடிக்க வருபவர்களைத் தேர்ந்தெடுக்கும் பிரிவில் வேலை பார்த்தவர்தான். பெயருக்கு முன்னால் ஜெமினி ஒட்டிக்கொண்டது அங்கிருந்துதான்.) ராஜாவைப் பாடவைத்தவர் வீணை வித்வான் ஈமனி சங்கர சாஸ்திரி. அவருக்கே அப்போது முப்பது வயது ஆகவில்லை. வீணைக்காரர் ஒருவர் மென்குரல் பாடகரை நடத்தியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஒரு முறை மீட்டிய நரம்பை இழுத்து இழுத்தே அடுத்தடுத்த சுரங்களை வாங்கும் கை அது. அடித்து வாசிக்காமல் நாதத்தை நீட்டத் தெரிந்தவருக்குக் கத்தாத குரலின் அருமை தெரியும்.

அன்றைய ஒலிப்பதிவில் குரல் தனி, வாத்தியம் தனி என்று கிடையாது. எல்லோரும் ஒரே கூடத்தில், ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். கடைசி அடியில் ஒரு வயலின் பிசகினால் முதலிலிருந்து எல்லோரும் மறுபடி. யார் குரல் மேலே நிற்க வேண்டும் என்பதை மைக்கிலிருந்து அவரவர் நிற்கும் தூரம்தான் தீர்மானித்தது. நாடக மேடையில் கிட்டப்பா கடைசி வரிசைவரை தொண்டையால்தான் எட்டினார். ராஜா எட்ட வேண்டியது எதிரே இருந்த மைக்கை மட்டும். ஆகவே பத்திருபது வாத்தியங்கள் முழங்கினாலும், பக்கத்தில் உட்கார்ந்து பேசும் அளவில் அவரால் பாட முடிந்தது.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாமல் செய்த சங்கதிக்கு வருகிறேன். அந்த மெல்லிய குரல் வீட்டுக்கு வந்து சேர்ந்த வழி!

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டையும் இன்சுலேட்டரும் செய்கிற நண்பரிடம், பழைய ரெக்கார்டு பிளேயரின் ஊசித்தலை ஒன்றைக் கொடுத்தேன். விரல்நுனி அளவுதான் இருக்கும். பக்கத்தில் சின்னத் திருப்பி. ஒரு பக்கம் திருப்பினால் பழைய 78 சுற்றுத் தட்டுக்கான தடித்த ஊசி, மறுபக்கம் எல்.பி.க்கான மெல்லிய ஊசி. பிளேடு நுனியால் நெம்பித் திறந்தார். உள்ளே ரப்பர் பிடிப்பில், தீக்குச்சியைவிட மெலிந்த சாம்பல் நிறக் கீற்று ஒன்று. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நகத்தால் கீறினார், கீறல் விழவில்லை.

"இது நம்ம சூளைச் சரக்குதான் சார்!"

சொந்தச் சரக்கு இல்லை, சொந்தக்காரச் சரக்கு. நெய்வேலிச் சுரங்கத்து வெள்ளைக் களிமண் இதில் சேராது. பேரியம் டைட்டனேட் என்ற சேர்மத்தாலான பீங்கான் இது. பேரியம் கார்பனேட்டையும் டைட்டானியம் ஆக்சைடையும் கலந்து, அழுத்தி, 1,300 டிகிரியை ஒட்டிய சூட்டில் சுட வேண்டும். போர்சலைன் சுடுகிறவர்களுக்குப் பழக்கமான சூடுதான். சுட்டெடுத்த பிறகு வலுவான மின்புலத்தில் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். அதற்குமேல் அந்தக் கீற்றை லேசாக வளைத்தாலே மின்சாரம் பிறக்கும். இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி நெளிகிறது, கீற்று வளைகிறது, ஒரு வோல்ட்டுக்கும் குறைந்த மின்சாரம் கிளம்பி ஒலிபெருக்கி வழியே பாட்டாகிறது.

இதற்கு முன்பு இருந்தது ரோஷெல் உப்புப் படிகம். நன்றாகவே பாடும், ஆனால் ஈரம் பட்டால் கரையும், சுமார் 55 டிகிரி சூட்டில் அழிந்தே போகும். நம் ஊர் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் ஒரு மதியம் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். கோடையையும் ஐப்பசி அடைமழையையும் தாங்கி நின்றது பீங்கான்தான். ராஜாவின் அரக்குத் தட்டுகள் முதலில் சாவி கொடுத்த கிராமபோனில், இரும்பு ஊசியில் சுழன்றவை. பிறகு மின்சாரப் பிளேயர் வாங்கியவர்கள் அதே தட்டுகளை இந்தக் கீற்றின் வழியாகக் கேட்டார்கள்.

நண்பருக்கு 'சம்சாரம்' படத்தில் ராஜா பாடிய பாடலைப் போட்டுக் காட்டினேன். மொத்தம் மூன்றேகால் நிமிடத்துக்குள்தான் எதுவும் அடங்க வேண்டும், பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் அவ்வளவே கொள்ளும். வாத்தியக் குழுவை எதிர்த்து ராஜா எங்கும் மல்லுக்கட்டவில்லை. சொல்லின் கடைசி எழுத்தை அழுத்தாமல் வைத்துவிட்டு நகர்கிறார். டாமி டார்ஸி டிராம்போனில் மூச்சு வாங்குவதே தெரியாமல் ஊதுவதைப் பார்த்துச் சினாட்ரா நீண்ட வாக்கியங்களைப் பாடக் கற்றார். ராஜா யாரைப் பார்த்து எந்த வாத்தியத்திடம் கற்றிருந்தாலும், அந்த அடக்கம் முதல் படப் பதிவிலேயே முழுதாக இருக்கிறது. பின்னாளில் 'கல்யாண பரிசு' (1959) இசையமைப்பாளராக, வாத்தியங்களை அவர் அளந்து அளந்து வைத்ததன் வேர் இங்கேதான் என்பது என் எண்ணம்.

'மிஸ்ஸியம்மா' (1955) நிலாப் பாட்டை இந்த வாரம் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். இடம் முடிந்துவிட்டது. அதற்கு எஸ்.ராஜேஸ்வர ராவ் அமைத்த இசை தனியாகவே ஒரு வாரம் கேட்கும். அடுத்த இதழில் அதை எடுத்துக்கொள்கிறேன். கூடவே, 1952-இல் 'மிஸ்டர் சம்பத்' இந்திப் படத்துக்காக ஜெமினிக்குள் நுழைந்த காக்கிநாடா இளைஞர் பி.பி.ஸ்ரீநிவாஸையும். அவரை அழைத்து வந்தவரும் அதே ஈமனி சங்கர சாஸ்திரிதான்.

(தொடரும்)