பிள்ளைகளின் குதிகால் வலி



பள்ளிகள் திறந்த சில வாரங்களில், எங்கள் எலும்பு மருத்துவப் பிரிவின் வெளிப் பெஞ்சில் நொண்டி நடக்கும் பிள்ளைகளைக் காண்கிறோம். இம்முறை ஒரு தகப்பனாரின் அருகில் உட்கார்ந்திருந்தோம். "நடிக்கிறான் ஐயா. சாயங்காலம் உப்பளம் மைதானத்துல பந்து ஆடுறான். காலையில ஸ்கூலுக்குன்னா மட்டும் வலிக்குதாம்" என்றார். பையனுக்கு வயது 11. தலை குனிந்திருந்தான்.

மருத்துவர் அவன் குதிகாலை இரு பக்கமும் அழுத்தினார், துடித்துவிட்டான். வளரும் பிள்ளைகளுக்குக் குதிகால் எலும்பின் பின்புறத்தில் இன்னும் முற்றாத குருத்தெலும்பு உண்டு. கெண்டைக்கால் தசையின் நாண் அந்த இடத்தில்தான் பற்றியிருக்கிறது. ஏறக்குறைய 8 முதல் 14 வயது வரை எலும்பு வேகமாக நீளும்போது தசை ஈடுகொடுக்க முடியாமல் இறுகி, ஓடிக் குதிக்கையில் அவ்விடத்தை இழுத்து நோகச் செய்கிறது. ஆட்டம் முடிந்த பிறகே வலி கூடுவதும் உண்டு. 1912-இல் இதை விவரித்த அமெரிக்க மருத்துவர் சீவரின் பெயரால் இது அறியப்படுகிறது.

சிகிச்சை எளிது. சில வாரம் ஓட்டத்தைக் குறைத்தல், ஐஸ் ஒத்தடம், சுவரைப் பிடித்துக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி, செருப்பில் குதிகாலுக்கு ஒரு மெத்தை. எலும்பு முற்றியதும் வலி நீங்கிவிடும்; அறுவை தேவையில்லை.

தட்டைப் பாதம் என்று கலங்கி, கடன் வாங்கி விசேஷ ஷூ தைக்கிறவர்களும் உண்டு. வலியில்லாமல் வளைந்துகொடுக்கும் தட்டைப் பாதத்துக்குச் சிகிச்சையே வேண்டாம். இந்தியப் பிள்ளைகள் 2,300 பேரை ஆராய்ந்து 1992-இல் வெளிவந்த கட்டுரையில், காலணி அணிந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்கும் வெறுங்காலில் நடந்தவர்களில் 2.8 சதவீதத்தினருக்குமே அது இருந்தது. ஷூ விற்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்!

ஆனால் தூக்கத்தைக் கலைக்கும் வலி, காய்ச்சல், வீக்கம், காலை ஊன்ற முடியாமை, காலையில் எழுந்ததும் மூட்டு விறைப்பு ஆகியவை வேறு. முள் குத்திய இடத்தில் எலும்பு வரை சீழ் பிடித்திருக்கலாம். மூட்டுவாதமாகவோ, அரிதாகப் புற்றாகவோ இருக்கலாம். எண்ணெய் தடவிக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

1914-இல் கொல்லிமலையில் பிறந்து வேலூரில் ஊழியம் செய்த டாக்டர் பால் பிராண்ட், வலியை ஒரு ஈவு என்றார். தொழுநோயால் உணர்விழந்த பாதங்கள் கல்லிலும் ஆணியிலும் அழிவதைக் கண்டவர் அவர். அத்தகைய பாதங்களுக்குச் செருப்பு செய்யும் மிருதுவான எம்.சி.ஆர். ரப்பரில்தான் எங்கள் பட்டறையில் அந்தப் பையனுக்கும் குதிகால் மெத்தை வெட்டிக் கொடுத்தார்கள். தகப்பனார் அதை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு காலுக்கும் குடுங்க ஐயா" என்றார்.