தண்டவாளம் இருந்த ஊர்கள் - 9: திருக்கடையூரில் ரயில் நின்ற காலம்

முகூர்த்த நாளில் திருக்கடையூர் சன்னதித் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று மாலையும் கழுத்துமாகத் தம்பதிகள். பின்னால் பிள்ளைகள், சம்பந்திகள், பேரன் பேத்திகள். வெளியூர்க்காரர்களில் பலர் மயிலாடுதுறை வரை ரயிலில் வந்து, அங்கே வேனோ காரோ பிடித்து வருகிறவர்கள். இதே ஊரில் ரயில் நிலையம் இருந்தது, 1986 வரை வண்டி நின்று போனது என்றால் அவர்களில் எத்தனை பேர் நம்புவார்கள்?

மயிலாடுதுறையில் கிளம்பி மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று நின்று தரங்கம்பாடிக் கடற்கரையில் முடியும் மீட்டர் கேஜ் பாதை அது. முப்பது கிலோமீட்டர். 1926-ல் திறந்தார்கள். அறுபது வருடத்தில் மூடிவிட்டார்கள்.

மூடியது அநியாயம் என்று எடுத்த எடுப்பிலேயே தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. பழைய ரயில் என்றாலே நமக்குக் கண் கலங்கிவிடும். அந்த ரயிலில் நாம் ஏறுவதை எப்போது நிறுத்தினோம் என்பது மட்டும் மறந்துவிடும். 1972-ல் சோழன் போக்குவரத்துக் கழகம் வந்த பிறகு டெல்டாவில் பேருந்து போகாத ஊர் குறைந்துகொண்டே வந்தது. பேருந்து கடைத்தெருவில் ஏற்றி, வீட்டுப் பக்கத்தில் இறக்கிவிடும். ரயிலுக்கோ அதன் நேரத்துக்கு நாம் போய்க் காத்திருக்க வேண்டும். முப்பது கிலோமீட்டர் தூரத்துக்கு யார் காத்திருப்பார்கள்? 1980களின் தொடக்கத்தில் ரயில்வே சீர்திருத்தக் குழு நாடு முழுக்க நாற்பது கிளைப்பாதைகளை மூடச் சொன்னது. மாநில அரசுகளில் பெரும்பாலானவை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் குழுவின் கணக்கு பொய்க் கணக்கு அல்ல. டிக்கெட் வசூலைவிட ஆள் சம்பளம் அதிகமான பாதைகள் நிஜமாகவே இருந்தன.

என் சண்டை வேறு. ‘கூட்டம் இல்லை’ என்று எழுதும் கை, அந்தப் பாதையில் எப்படிப்பட்ட வண்டி ஓடியது என்பதையும் எழுத வேண்டாமா? இதற்குச் சாட்சி தேடி எண்பதுகளுக்குப் போக வேண்டியதில்லை. திருவாரூர் - காரைக்குடி பாதையை அகலப்படுத்திவிட்டு 2019-ல் வண்டி விட்டார்கள். லெவல் கிராசிங்குகளுக்குப் போதிய கேட் கீப்பர்கள் இல்லை. அதனால் கேட் கீப்பர்கள் வண்டியிலேயே வந்தார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். ஒருவர் இறங்கி ஓடிக் கேட்டை மூடுவார். வண்டி தாண்டி நிற்கும். இன்னொருவர் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். சுமார் 150 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம்! அந்த வண்டியில் ஆள் ஏறவில்லை என்றால் குற்றம் வழியிலிருக்கும் பட்டுக்கோட்டைக்காரர் மேலா? அந்த நிலையில் வசூலை எடுத்துக் கணக்குப் பார்த்திருந்தால் புதுத் தண்டவாளத்தையும் மூடச் சொல்லியிருப்பார்கள்.

வசூலே பார்க்காமல் செத்த பாதைகளும் உண்டு. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் குறும்பாதை போட்டார்கள். பின்னர் ஓசூர் வரை நீண்டது. வறண்ட சீமைக்குப் பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுபோகப் போட்ட பாதை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அதை மூடினார்கள். மதுரை - போடி பாதைக்கும் அதே கதிதான்: 1928-ல் திறந்ததை, போருக்கு இரும்பு வேண்டும் என்று பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஆனால் போடிக்கு 1950களில் மறுபடி தண்டவாளம் போட்டார்கள். மொரப்பூருக்குப் போடவில்லை. போடி ஏலக்காய்க்கு இருந்த செல்வாக்கு தருமபுரி ராகிக்கு இல்லை போலும். போடியில் 2010 கடைசியில் வண்டியை நிறுத்தி அகலப்பாதை போட்டு, 2023 ஜூனில் திறந்தார்கள். இன்று சென்னைக்கே நேர் ரயில் இருக்கிறது. தருமபுரிக்காரர் சென்னை ரயிலைப் பிடிக்க இன்றும் மொரப்பூருக்குப் பேருந்தில் போகிறார். அந்தப் பாதையை மறுபடி போட 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். அதன் பிறகு வருடங்கள் நிலம் எடுப்பதிலேயே போயின. முன்னோர் எடுத்து வைத்த நிலத்தைக் கைவிட்டுவிட்டு, இப்போது சந்தை விலைக்கு மேல் கொடுத்து வாங்குகிறோம்.

ஆகவே என் தீர்ப்பு இரண்டு பங்கு. 1986-ல் ஓடிய தரங்கம்பாடி வண்டி பிழைத்திருக்கத் தகுதியற்றது. நாளுக்கு நாள் காலியாகும் வண்டியை ஏக்கத்துக்காக ஓட்ட முடியாது. பாதை அப்படியல்ல. திருக்கடையூர்க் கூட்டம் பெருகுமென்று அன்று யாரும் கணித்திருக்க முடியாது, சரி. கணிக்க முடியாதபோது வண்டியை நிறுத்தலாம். தடத்தைக் காப்பாற்றி வைத்திருக்க வேண்டும்.

பக்கத்துப் பேரளம் - காரைக்கால் பாதையும் எண்பதுகளில் மூடப்பட்டதுதான். அங்கே அகலப்பாதை மறுபடி போட்டாகிவிட்டது. தரங்கம்பாடிக்கும் ரயில் வேண்டும் என்று மனு எழுதுகிறவர்கள் ஒன்று செய்யுங்கள்: தண்டவாளத்தோடு கால அட்டவணையையும் சேர்த்துக் கேளுங்கள். விடியற்காலை மயிலாடுதுறைக்கு வந்து இறங்கும் சென்னை ரயில்களுக்கு இணைப்பு வண்டி, கேட்டுக்குக் கேட் ஆள், முகூர்த்த நாளில் கூடுதல் வண்டி. இவை இல்லாமல் பாதை மட்டும் வந்தால் இன்னொரு குழு வந்து மூடச் சொல்லும்.

(தொடரும்)