குற்றவாளி சென்சாரா, ஒயரா?

ஓசூரில் மார்கழிக் குளிருக்குக் கேட்கவா வேண்டும்! ஊர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அல்லவா இருக்கிறது? அப்படிப்பட்ட ஒரு விடியற்காலையில், ஜூஜூவாடி எல்லையைத் தாண்டி பெங்களூருக்குப் புறப்பட்ட அன்பர் ஒருவர், காரில் மஞ்சள் விளக்கு எரியக் கண்டு திடுக்கிட்டார். வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குத் திருப்பினார்.

சோதனைக் கருவியில் ‘பி 0135’, ‘பி 0141’ என்று இரண்டு எண்கள் தோன்றின. முன்னும் பின்னும் உள்ள இரு ஆக்ஸிஜன் சென்சார்களிலும் ஹீட்டர் மின்சுற்றில் கோளாறு என்பது பொருள்.

“இரண்டையும் மாற்றிவிடுங்கள்” என்றார் அன்பர்.

மெக்கானிக் சிரித்தார். “இரண்டு ஹீட்டரும் ஒரே நாளில் சாகுமா, சார்?”

வாசகர்கள் கேட்கலாம்: சென்சாருக்கு ஹீட்டர் எதற்கு? புகைக்குழாயில் மிஞ்சும் பிராணவாயுவை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்வது சென்சாரின் வேலை. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி உருவாக்கிய இது, 1976-ல் வால்வோ காரில் இடம்பெற்றது. இதனுள் இருக்கும் பீங்கான் சுமார் 300 டிகிரி சென்டிகிரேடு சூடேறினால்தான் வேலை செய்யும். விரைவில் சூடேற்றவே 1982-ல் ஹீட்டர் சேர்ந்தது. அது படுத்துவிட்டால், வண்டி கிளம்பியதும் கம்ப்யூட்டர் உத்தேசமாகவே பெட்ரோல் விடும். செலவும் கூடும், நச்சுப் புகையும் கூடும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின், ஓசூரில் தயாராகும் மோட்டார் சைக்கிள்களிலும் இச்சென்சார் உண்டு.

அந்தக் காரில் இரண்டு ஹீட்டருக்கும் மின்சாரம் ஒரே பியூஸ் வழியாக வந்தது. பார்த்தால், பியூஸ் போயிருந்தது! புதிது போட்டார், அதுவும் போயிற்று. இரண்டு சென்சார்களையும் கழற்றி வைத்துவிட்டு மற்றொன்று போட்டார், அதுவும் நிற்கவில்லை. ஆகவே சென்சார்கள் நிரபராதிகள், தவறு ஒயரில்!

தேடியபோது, புகைக்குழாயில் உரசி மேலுறை உருகிய ஒயர் அகப்பட்டது. அதை மாற்றி, குழாயில் படாமல் கட்டினார். பிறகு கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தார். எஞ்சின் ஆறியிருந்தபோதே ஹீட்டர்களின் ஓம் அளவையும் எடுத்து, கம்பெனிக் கையேட்டோடு ஒப்பிட்டார். எல்லாம் சரி. மஞ்சள் விளக்கு அணைந்தது.

இரண்டு சென்சார்களின் விலை மிச்சம்! விளக்கு எரிந்தால், கடைக்கு ஓடுமுன் பியூஸையும் ஒயரையும் பார்க்கச் சொல்லுங்கள். கருவி காட்டும் எண் கோளாறுள்ள தெருவைத்தான் சொல்லும். வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டியவர் மனிதரே.