சூரிய வாசலுக்கு வராதவர்கள்

மச்சு பிச்சுவின் படத்தை நாம் எல்லாரும் எங்காவது பார்த்திருப்போம். பச்சை மலைமுகட்டில் கூரையில்லாத கல் வீடுகள், படிப்படியாக இறங்கும் வயல்கள், பின்னால் கூம்பாக நிமிர்ந்து நிற்கும் ஒரு சிகரம். தென்னமெரிக்காவின் பெரு நாட்டில், 15ஆம் நூற்றாண்டில் இன்கா பேரரசர் பச்சாகூட்டியின் காலத்தில் எழுந்த நகரம் அது. 1983ல் யுனெஸ்கோ அதை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது.

அங்குச் செல்ல எளிய வழி ஒன்று உண்டு. ரயிலில் மலையடிவாரம் வரை சென்று, அங்கிருந்து பேருந்து பிடித்தால் நகரின் வாசலிலேயே இறங்கலாம். கடினமான வழி, இன்கா மக்கள் கல் பாவிய மலைப்பாதையில் நான்கு நாள் நடப்பது. உலகெங்கிலுமிருந்து இளையர்கள் விரும்பித் தேர்ந்தெடுப்பது இந்த இரண்டாவது வழியைத்தான்.

நடந்து முடித்தவர்கள், “நான் நடந்தே மச்சு பிச்சுவுக்குப் போனேன்” என்று பெருமையுடன் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அவர்கள் படுத்துறங்கிய கூடாரமும், உண்ட சூப்பும், சமைத்த அடுப்பும் தாமாக மலையேறவில்லை. அவற்றைச் சுமந்தவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் அந்தப் பயணத்தை முழுமையாகப் புரிந்துகொள்ள முடியாது.

நான்கு நாள், மூன்று இரவு

கூஸ்கோ நகரிலிருந்து வரும் ரயில் தடத்தின் 82வது கிலோமீட்டரில் நடை தொடங்குகிறது. மொத்தத் தொலைவு ஏறத்தாழ 43 கிலோமீட்டர். சமதளத்தில் இரண்டே நாளில் நடந்துவிடக்கூடிய தூரம். மலையில் கணக்கு வேறு.

முதல் நாள் உருபம்பா ஆற்றையொட்டிய சற்றே எளிதான நடை. இரண்டாம் நாள்தான் உண்மையான சோதனை. சுமார் 3,000 மீட்டர் உயரத்திலிருந்து 4,215 மீட்டரில் உள்ள வார்மிவான்யுஸ்கா கணவாய்க்கு ஏற வேண்டும். கெச்சுவா மொழியில் அப்பெயருக்கு ‘இறந்த பெண்’ என்று பொருள். தொலைவிலிருந்து பார்த்தால் மலைமுகடு, மல்லாந்து படுத்திருக்கும் ஒரு பெண்ணைப்போல் தெரியும் என்பதால் அந்தப் பெயர்.

அந்த உயரத்தை நம் பக்கத்து மலைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புக்கிட் தீமா குன்றின் உச்சி 164 மீட்டர். சாபாவின் கினபாலு மலை 4,095 மீட்டர். கினபாலு உச்சியைவிட 120 மீட்டர் உயரமான கணவாயைக் கடந்துதான் இன்கா பாதை செல்கிறது. அங்கும் காற்றில் உயிர்வளியின் விகிதம் 21 விழுக்காடுதான். ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 விழுக்காடாகக் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குக் கிடைக்கும் உயிர்வளி குறைகிறது. பத்து அடி வைத்தால் ஒரு முறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் வரலாம். திடலில் வேகமாக ஓடும் விளையாட்டாளருக்கும் இது வரும்.

மூன்றாம் நாள்தான் பாதையின் அழகு முழுமையாக விரிகிறது. இன்னும் இரண்டு கணவாய்கள், பாறையைக் குடைந்து அமைத்த ஒரு சுரங்கவழி, பனிமூட்டத்துக்குள் மறைந்தும் தெரிந்தும் நிற்கும் இடிபாடுகள். புயுபட்டமார்க்கா என்றால் ‘மேகங்களின் மேல் உள்ள ஊர்’. அன்றிரவு தங்குமிடம் வின்யாய் வாய்னா. ‘என்றும் இளமை’ என்று பொருள்படும் அப்பெயர் அங்குப் பூக்கும் ஓர் ஆர்க்கிட் மலருக்கும் உண்டு.

நான்காம் நாள் விடியற்காலையில் மீண்டும் நடை. இன்டி புங்கு எனும் சூரிய வாசலில் நின்றால், கீழே மச்சு பிச்சு.

முந்திச் செல்லும் கால்கள்

இந்தப் பாதையில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். காலையில் பயணிகள் உணவருந்திவிட்டுப் புறப்படுவார்கள். அதன் பிறகுதான் சுமைதூக்கிகள் கூடாரங்களைக் கழற்றி, பாத்திரங்களைக் கழுவி, மூட்டை கட்டுவார்கள். ஒரு மணி நேரம் கழித்து, மூச்சிரைத்து நிற்கும் பயணிகளை அவர்கள் முந்திச் செல்வார்கள். முதுகில் பெரிய மூட்டை. பலரின் கால்களில் பழைய டயரில் செய்த செருப்பு. பயணிகள் முகாமை அடையும்போது கூடாரம் எழுந்து நிற்கும், வெந்நீர் காத்திருக்கும்.

இவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டார மலைக் கிராமங்களைச் சேர்ந்த விவசாயிகள். உருளைக்கிழங்கும் சோளமும் பயிரிடுபவர்கள். இன்கா மக்களின் மொழியான கெச்சுவாவே இவர்களின் தாய்மொழி. பயிர் வேலை குறைந்த மாதங்களில் கையில் ரொக்கம் கிடைக்க இந்த வேலைக்கு வருகிறார்கள். பள்ளிச் செலவும் மருந்துச் செலவும் ரொக்கமாகத்தானே கட்ட வேண்டும்?

முன்பு இவர்களின் சுமைக்கு வரம்பே இல்லை. 40 கிலோவும் அதற்கு மேலும் சுமந்தவர்கள் உண்டு. எத்தனை குறைவான ஆட்களை அமர்த்துகிறோமோ அத்தனை லாபம் என்பது சில நிறுவனங்களின் கணக்காக இருந்தது. 2001ஆம் ஆண்டில் பெரு ஒரு சட்டம் இயற்றியது. ஒருவர் 20 கிலோவுக்குமேல் சுமக்கக்கூடாது, நாளுக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சக் கூலி தர வேண்டும் என்றது அது. 2022ல் அந்தச் சட்டம் புதுப்பிக்கப்பட்டது. இன்று பாதையின் தொடக்கத்தில் ஒரு சோதனைச் சாவடி உண்டு. பயணியின் கடப்பிதழைப் பார்ப்பதோடு, சுமைதூக்கியின் மூட்டையையும் அங்குத் தராசில் வைத்து நிறுக்கிறார்கள்.

பாதையில் எத்தனை பேர் நுழையலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. ஒரு நாளைக்கு 500 பேர். அதில் பயணிகள் ஏறத்தாழ 200 பேர்தான். மீதி 300 பேர் வழிகாட்டிகள், சமையல்காரர்கள், சுமைதூக்கிகள். ஒரு பயணி நடக்க ஒன்றரைப் பேர் உழைக்க வேண்டியிருக்கிறது.

கண்டுபிடித்தது யார்?

‘மச்சு பிச்சுவைக் கண்டுபிடித்தவர் யார்?’ என்று பொது அறிவுப் போட்டியில் கேட்டால், ‘ஹைரம் பிங்கம், 1911’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிங்கம் 1911 ஜூலை 24ஆம் தேதி அங்குப் போய்ச் சேர்ந்தது உண்மை. ஆனால் தனியாகப் போகவில்லை.

அடிவாரத்தில் வசித்த மெல்ச்சோர் ஆர்ட்டியாகா என்ற விவசாயி, சிறு தொகையைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு அவரை மலைமேல் அழைத்துச் சென்றார். மேலே ஆளரவமற்ற காடு இல்லை. இன்கா காலத்துப் படிக்கட்டு வயல்களைத் திருத்தி உள்ளூர்க் குடும்பங்கள் அங்குப் பயிரிட்டுக்கொண்டிருந்தன. அந்தக் குடும்பத்துச் சிறுவன் ஒருவன்தான் பிங்கமைக் கையோடு கூட்டிச் சென்று இடிபாடுகளைக் காட்டினான். அங்கே ஒரு சுவரில் அகுஸ்தீன் லிசாராகா என்ற உள்ளூர்க்காரரின் பெயரும் 1902 என்ற ஆண்டும் கரியால் எழுதப்பட்டிருந்தன. பிங்கம் அதைத் தம் குறிப்பேட்டில் பதிந்துகொண்டார். ஆனால் உலகம் அறிந்த பெயர் பிங்கமுடையது மட்டுமே.

அங்கு அகழ்ந்தெடுத்த பொருள்கள் யேலுக்குச் சென்றன. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2011 முதல்தான் அவை பெருவுக்குத் திரும்பத் தொடங்கின.

இன்னும் பின்னோக்கிப் போனாலும் இதே கதைதான். மச்சு பிச்சுவைப் பச்சாகூட்டியின் நகரம் என்கிறோம். இன்கா மக்களிடம் இரும்புக் கருவி கிடையாது. பாரம் இழுக்கச் சக்கர வண்டியும் கிடையாது. எழுத்தும் இல்லை. முடிச்சிட்ட கயிறுகளில் கணக்கு வைத்தார்கள். வரிக்குப் பதிலாகக் குடிமக்கள் அரசுக்கு உடலுழைப்பைத் தர வேண்டும். அந்த உழைப்பில்தான் இன்றைய ஆறு நாடுகளில் பரவிய 30,000 கிலோமீட்டர் சாலைகளும் மச்சு பிச்சுவின் கற்சுவர்களும் எழுந்தன.

மச்சு பிச்சுவில் புதைக்கப்பட்டிருந்த 34 பேரின் மரபணுவை ஆராய்ந்து 2023ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்கள் அரச குடும்பத்தினர் அல்லர், அரண்மனைக்குப் பணி செய்தவர்கள். பேரரசின் வெவ்வேறு மூலைகளிலிருந்தும், அமேசான் காட்டுப் பகுதியிலிருந்தும்கூட அவர்கள் அங்குக் கொண்டுவரப்பட்டிருந்தார்கள். அரசரின் பெயரை நாம் அறிவோம். அங்கேயே வாழ்ந்து மடிந்தவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது.

போக நினைப்பவர்களுக்கு

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘அப்படியானால் போகவே கூடாதா?’ என்று கேட்கலாம். போகலாம். சுமைதூக்கிகளின் குடும்பங்களுக்கு அந்த வருமானம் தேவை. எப்படிப் போகிறோம் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

இன்கா பாதையில் தனியாக நடக்க அனுமதி இல்லை. உரிமம் பெற்ற நிறுவனத்தின் வழியாக, வழிகாட்டியுடன்தான் செல்ல வேண்டும். அனுமதிச்சீட்டு கடப்பிதழ் எண்ணோடு இணைக்கப்பட்டது. வேறொருவருக்கு மாற்றித் தர முடியாது. மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு என்பதால் அம்மாதங்களுக்கான சீட்டுகள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். பராமரிப்புக்காகப் பிப்ரவரி முழுவதும் பாதை மூடப்பட்டிருக்கும்.

நடக்கத் தொடங்குமுன் கூஸ்கோவில் இரண்டு மூன்று நாள் தங்கி உடலைப் பழக்கிக்கொள்வது அவசியம். அந்நகரமே 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கு மலைநோய்க்கு மருந்தாகக் கொக்கா இலைத் தேநீர் கொடுப்பார்கள். உள்ளூர் மக்களுக்கு அது பழைய வழக்கம். ஆனால் கொக்கேய்ன் எடுக்கப்படுவது அந்த இலையிலிருந்துதான். நம் நாட்டுப் போதைப்பொருள் சட்டங்கள் கடுமையானவை. ஆகவே தேநீரை மறுத்துவிடுங்கள். நினைவுப் பொருளாகக்கூட அந்த இலையைக் கொண்டுவராதீர்கள். மலைநோய்க்கு என்ன மருந்து எடுக்கலாம் என்பதைப் புறப்படுமுன் இங்குள்ள மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை மட்டும் பார்க்காமல் சில கேள்விகளைக் கேளுங்கள். சுமைதூக்கிகளுக்கு நாளுக்கு எவ்வளவு கூலி? காப்பீடு உண்டா? இரவில் எங்கே படுக்கிறார்கள்? அவர்களுக்குத் தனியாகக் கூடாரமும் தரைவிரிப்பும் கொடுக்கிறீர்களா, அல்லது பயணிகள் சாப்பிட்டு முடித்த உணவுக் கூடாரத்தில் வெறும் தரையில் படுக்கிறார்களா? என்ன சாப்பிடுகிறார்கள்?

பதில் சொல்லத் தயங்கும் நிறுவனத்தை விட்டுவிடுங்கள். மற்றவற்றைவிட மிகக் குறைந்த விலை சொல்லும் நிறுவனம் எதைக் குறைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மலையில் உணவையும் எரிவாயுவையும் ஓரளவுக்குமேல் குறைக்க முடியாது. எளிதில் குறைக்கக்கூடியது கூலியைத்தான்.

உங்கள் பையையும் கவனியுங்கள். பயணியின் பைக்குப் பெரும்பாலும் ஏழு கிலோ என்று வரம்பு வைக்கிறார்கள். தேவையில்லாமல் நீங்கள் எடுத்துவைக்கும் இரண்டாவது காலணி, 4,215 மீட்டர் உயரத்துக்கு இன்னொருவர் முதுகில் ஏறப்போகிறது.

கடைசி விடியல்

நான்காம் நாள் அதிகாலை மூன்று மணியளவில் பயணிகளை எழுப்பிவிடுவார்கள். இருட்டில் சோதனைச் சாவடி வரை நடந்து, ஐந்தரை மணிக்கு அது திறக்கும்வரை குளிரில் காத்திருக்க வேண்டும். சூரிய உதயத்தைப் பார்க்கத்தான் இந்த அவசரம் என்று பலர் நினைக்கிறார்கள். முக்கியக் காரணம் வேறு. கூடாரங்களைச் சுருட்டி மூட்டை கட்டிக்கொண்டு, செங்குத்தான பாதையில் கீழே இறங்கி, சுமைதூக்கிகள் தங்களுக்கான விடியற்காலை ரயிலைப் பிடிக்க வேண்டும்.

பயணிகள் சூரிய வாசலை நோக்கி நடக்கும்போது, மூன்று நாளாக அவர்களுக்காகச் சுமந்தவர்கள் எதிர்த்திசையில் இறங்கிக்கொண்டிருப்பார்கள். நகரின் முழுத் தோற்றமும் கண்முன் விரியும் அந்த நிமிடத்தில் அவர்கள் அங்கு இருப்பதில்லை. அடுத்த குழுவுக்காகச் சிலர் மறுபடியும் 82வது கிலோமீட்டருக்குப் போவார்கள். சிலர் உருளைக்கிழங்கு வயலுக்குத் திரும்புவார்கள்.

அதனால் மூன்றாம் நாள் இரவே பயணிகளும் சுமைதூக்கிகளும் வட்டமாக நின்று விடைபெற்றுக்கொள்வது அந்தப் பாதையின் வழக்கம். என்றாவது ஒருநாள் நீங்கள் அந்த வட்டத்தில் நிற்க நேர்ந்தால், அதற்குள் அவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் தெரிந்துவைத்திருங்கள். ‘நன்றி’ என்பதற்குக் கெச்சுவாவில் ‘சுல்பாய்கி’ என்று சொல்வார்கள்.