ஒரு கணிப்பொறி, பல பயனாளர்

செஞ்சிக் கோட்டையைக் கண்டோர் அதன் அமைப்பை எளிதில் மறவார். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை ஒரே புறமதில் வளைத்து நிற்கிறது. ஆயினும், ஒவ்வொரு குன்றின் மீதும் தனி அரணும் தனி வாயிலும் உண்டு. 2025 ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் இடம்பெற்ற இக்கோட்டை, பலர் கூடிப் பயன்படுத்தும் கணிப்பொறிக்கும் ஏற்ற உவமையாகும்.

ஊராட்சி அலுவலகங்கள், நூலகங்கள், மகளிர் குழுக்கள் ஆகியவற்றில் ஒரே கணிப்பொறியைப் பலர் கையாள்வது வழக்கம். அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் கொண்ட கணக்கு இருத்தல் வேண்டும். ஒருவர் தம் கணக்கில் நுழைந்தது முதல் வெளியேறும் வரை நடைபெறும் பணியை 'அமர்வு' என்பர். அவருடைய முகப்புத் திரை, திறந்துள்ள ஏடுகள், ஓடிக்கொண்டிருக்கும் செயலிகள் யாவும் அந்த அமர்வுக்கு உரியவை.

ஒரு பொறியைப் பலருக்குப் பங்கிடும் முயற்சி புதியதன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961 ஆம் ஆண்டிலேயே இம்முறை செய்து காட்டப்பெற்றது. வீடுகளுக்கு உரிய கணிப்பொறிகளில், ஒருவர் வெளியேறாமலே மற்றொருவர் நுழையும் வசதியை 2001 இல் விண்டோஸ் எக்ஸ்பி அளித்தது.

இன்றைய விண்டோஸ் கணிப்பொறியில் விண்டோஸ் விசையையும் 'எல்' விசையையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டப்படும். பூட்டிய திரையில் அடுத்தவர் தம் பெயரைத் தேர்ந்து, தம் கடவுச்சொல்லைத் தந்து நுழையலாம். லினக்ஸ் வகைகளிலும் 'பயனாளரை மாற்று' என்னும் தெரிவு பொதுவாக உண்டு. முதலாமவர் திரும்பி வரும்போது, தாம் விட்ட இடத்திலிருந்தே பணியைத் தொடரலாம்.

இங்கே உணர வேண்டிய உண்மை ஒன்று உண்டு. மாறுதல் என்பது வெளியேறுதல் அன்று. முதலாமவருடைய அமர்வு கண்ணுக்கு மறைந்ததே அன்றி முடிந்துவிடவில்லை. அது பொறியின் தற்காலிக நினைவகத்தில் உயிரோடு இருக்கிறது. இதிலிருந்து மூன்று விளைவுகள் தோன்றும்.

முதலாவது, பல அமர்வுகள் திறந்திருந்தால் நினைவகம் நிரம்பிப் பொறி மெதுவாக இயங்கும். நெடுநேரம் திரும்பி வராதவர் முழுமையாக வெளியேறுவதே முறை.

இரண்டாவது, பொறியை நிறுத்தினால் எல்லா அமர்வுகளும் அழியும். மின்சாரம் தடைப்பட்டாலும் அவ்வாறே. சேமிக்காத பணி மீளாது. ஆகவே, இடம் விடுமுன் சேமித்தல் வேண்டும். பிறர் இன்னும் நுழைந்திருக்கிறார் என்று பொறி எச்சரித்தால், அவரைக் கேளாமல் நிறுத்தலாகாது.

மூன்றாவது, பூட்டாமல் எழுந்து செல்பவர் தம் அரணின் வாயிலைத் திறந்து வைத்துச் செல்பவர் ஆவார். இராஜகிரியின் உச்சிக்கு அருகே ஆழ்ந்த பிளவு ஒன்றைப் பாலத்தின் வழியாகவே கடக்க இயலும். அப்பாலத்தை அகற்றினால் பகைவர் நெருங்குதல் அரிது. கடவுச்சொல்லும் அத்தகைய பாலமே.

சில இடங்களில் மாறுதல் தொல்லையெனக் கருதி, அனைவரும் ஒரே கணக்கைப் பயன்படுத்துகின்றனர். இதனால் விளையும் கேடு சிறிதன்று. 2020 ஏப்ரலில் தொடங்கப்பெற்ற இ-கிராம் சுவராஜ் தளத்தில் ஊராட்சிகளின் திட்டங்களும் வரவு செலவுகளும் பதியப்படுகின்றன. அத்தளத்தின் கடவுச்சொல்லை இணைய உலாவி நினைவில் வைத்திருந்தால், அடுத்து அமர்பவர் எவரும் உள்ளே நுழையலாம். பிழை நேர்ந்தால் பழியோ கடவுச்சொல்லுக்கு உரியவர்மீதே விழும். ஓய்வூதியம் வேண்டி வந்த முதியவரின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் பிறர் கண்ணில் படக்கூடும். பொறுப்பு இன்னாருடையது என்று காட்டவும், ஏழையின் மறையைக் காக்கவும் தனிக் கணக்கே துணை.

ஆதலின், பொதுக் கணிப்பொறி உள்ள ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் மட்டும் நிர்வாகி உரிமை பெற்று, ஏனையோருக்குச் சாதாரணக் கணக்குகளை அமைத்துத் தருக. இதற்குப் புதிய செலவு ஏதும் இல்லை. சேமித்தல், பூட்டுதல், பணி முடிந்ததும் வெளியேறுதல் ஆகிய மூன்றையும் பழக்கமாக்கிக் கொண்டால், ஒரே பொறி ஊரார் பலருக்கும் நம்பிக்கையுடன் உழைக்கும்.