கடல் கடந்த கல்வி

பல்கலைக்கழகங்கள் பிற நாடுகளிற் கிளை பரப்புதல் இக்காலத்திற் பெருகிவருகின்றது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2023 ஆம் ஆண்டு சான்சிபாரில் வளாகம் நிறுவியது. ஈழத்தவர்க்கோ கடல் கடந்த கல்வி புதிதன்று.

1857 இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தவரே. பின்னர்த் தேர்வே கடல் கடந்து வந்தது. 1921 இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமையும்வரை, இலண்டன் பட்டத்திற்கே மாணாக்கரை ஆயத்தஞ் செய்தது. கற்பித்தல் இங்கு நிகழினும், பாடத்தை வகுத்தது இலண்டனே.

வேலணைத் தீவின் கரம்பனைச் சேர்ந்த தனிநாயகம் அடிகளோ உரோமையிலும் அண்ணாமலையிலும் இலண்டனிலும் கற்று, மலாயாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகி, 1966 இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரிற் கூட்டுவித்தார். நம் மொழி ஆங்கு ஆராய்ச்சிப் பொருளாயிற்று.

ஆதலின், அயல்நாட்டுப் பட்டத்தை நாடுவோர் அதன் பெயரை மட்டும் நோக்குதல் போதாது. பாடத்தை வகுப்போர் யார், ஆராய்ச்சி இம்மண்ணிலும் நிகழுமோ என்பனவற்றையும் ஆராய்தல் வேண்டும்.