'போ' என்றால் போகச் சொல்வதல்ல!

மணிலா தெருக்களில் ஓடும் ஜீப்னி வண்டியைப் பார்த்தால், ஷேர் ஆட்டோவுக்குப் பெரியண்ணன் மாதிரி இருக்கும். பெரும்பாலும் கண்டக்டர் கிடையாது. கடைசி சீட்டில் இருப்பவர் 'பாயாட் போ' என்று காசை நீட்டுவார். அது கை மாறிக் கை மாறி டிரைவரிடம் போய்ச் சேரும். இறங்க வேண்டுமென்றால் 'பாரா போ!'. இதில் 'பாரா', ஸ்பானியர்கள் விட்டுச் சென்ற சொல். 'போ' என்பது 'நிறுத்துங்க' என்பதில் வருகிற 'ங்க' மாதிரி. அந்த மரியாதை, தகாலோக் மொழிக்குச் சொந்தம்.

இன்னொரு விஷயமும் தமிழர்களுக்குச் சட்டெனப் பிடிபடும். 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. எதிரில் இருப்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'தாயோ'. அவரை விட்டுவிட்டுச் சொன்னால் 'கமி'. ஆங்கிலத்தில் இந்த வித்தியாசமே கிடையாது.

பிலிப்பைன்ஸின் மொழிச் சண்டையும் ஒருவகையில் இந்த இரண்டு சொற்களுக்கு இடையில்தான் நடக்கிறது.

7,641 தீவுகள், நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகள். முதலில் ஸ்பெயின் ஆட்சி, பிறகு அமெரிக்க ஆட்சி. தேசிய நாயகன் ஹோசே ரிசால்கூட தகாலோக் பேசும் ஊரில் பிறந்தவர்தான். ஆனால், நாவல்களை ஸ்பானிய மொழியில்தான் எழுதினார். விடுதலை நெருங்கியபோது எல்லோருக்கும் பொதுவாக ஒரு மொழி வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. இதற்காக அமைத்த நிறுவனத்தின் தலைவர் ஹைமே டி வேய்ரா, விசயாஸ் தீவுக்காரர். அந்த நிறுவனமே தகாலோக்கைப் பரிந்துரைத்தது. 1937 டிசம்பர் 30 அன்று அதிபர் மனுவேல் கேசோன் அதை அறிவித்தார். அவருடைய தாய்மொழியும் தகாலோக்தான் என்பதால் மற்ற மொழிக்காரர்களின் முணுமுணுப்பு அடங்கவில்லை.

சமாதானத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெயரை மாற்றுவது! 1959-ல் 'பிலிப்பினோ' ஆனது. 1987 அரசியல் சட்டத்தில் 'ஃபிலிப்பினோ'. பழைய 20 எழுத்து வரிசையில் 'ஃப' கிடையாது; புதிய 28 எழுத்துகளில் அதற்கும் இடம் கொடுத்தார்கள். மற்ற மொழிகளின் சொற்களையும் சேர்த்து வளர்ப்பதாகச் சொன்னார்கள். இலக்கணம் மட்டும் பழைய தகாலோக்தான்.

சட்டத்தால் முடியாததை சினிமாவும் டி.வி.யும் முடித்து வைத்தன. இன்று நாட்டில் பெரும்பாலானோருக்கு இந்த மொழி புரியும். நீதிமன்றத் தீர்ப்புகள் மட்டும் இன்னும் ஆங்கிலத்தில்தான்.

இப்போதைய கவலை குழந்தைகளைப் பற்றியது. மூன்றாம் வகுப்பு வரை தாய்மொழியில்தான் பாடம் என்ற கட்டாயத்தை 2024-ல் வந்த சட்டம் நீக்கியது. ஃபிலிப்பினோவும் ஆங்கிலமும் மீண்டும் பாடமொழிகள் ஆயின. செபுவானோ பேசும் வீட்டிலிருந்து வரும் ஆறு வயதுக் குழந்தைக்கு, டீச்சர் சொல்லும் 'தாயோ'வும் புதிய சொல்தான். அதன் வீட்டில் 'நாம்' என்பதற்குச் சொல் 'கிதா'.

அந்தக் குழந்தையின் அம்மா ஜீப்னியில் இறங்கும்போது 'பாரா போ' என்பதில்லை. 'லுகார் லாங்' என்பார். வண்டி நிற்கும்.